அரணைக்கு விஷம் கிடையாது

"அரணை கடித்தால் மரணம், தோட்டத்தில் கண்டால் உடனே அடித்துவிடுங்கள்" என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. அரணைக்கு விஷப்பல்லும் இல்லை, விஷச் சுரப்பியும் இல்லை. பிடித்தால் கடிக்கலாம், லேசாக வலிக்கும், சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். எதுகைக்காகச் சொன்ன பழமொழியை மருத்துவக் குறிப்பாக எடுத்துக்கொண்டால் எப்படி? கடித்தால் ஆபத்தான கிலா மான்ஸ்டர் என்ற பல்லியினம் அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும்தான் வாழ்கிறது. நம் புறநகர்த் தோட்டங்களில் அல்ல.

பளபளக்கும் உடலைப் பார்த்துப் பாம்புக்குட்டி என்று பலர் பதறுகிறார்கள். நான்கு கால்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கால் தெரியாவிட்டால் விலகி நில்லுங்கள், அது பாம்பாக இருக்கலாம். பூந்தொட்டிக்கடியில் அரணை தேடுவது கரப்பான், வெட்டுக்கிளி போன்ற பூச்சிகளைத்தான்.

"பல்லி விழுந்த பால் விஷம், கொட்டிவிடுங்கள்" என்றும் அவர் எழுதியிருக்கிறார். அதில் கொட்டச் சொன்னது மட்டும் சரி. ஆனால் காரணம் விஷமல்ல. பல்லியின் குடலிலும் எச்சத்திலும் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். அது வாந்தி, வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். குழந்தை குடித்துவிட்டு வாந்தியெடுத்தால் மருத்துவரிடம் போங்கள், மந்திரிக்க அல்ல.