எல்லாவற்றுக்கும் தலையாட்டிய பையன்

போன வாரம் கோர்ட்டில் வக்கீல்கள் உட்காரும் பார் ரூமில் பேச்சு எங்கெங்கோ சுற்றி அமெரிக்காவில் வந்து நின்றது. அப்பா அம்மா இல்லாமல் தனியாக எல்லை தாண்டி வரும் குழந்தைகளுக்கு வக்கீல் வைப்பதற்கான அரசுப் பணத்தை அங்கே 2025 மார்ச்சில் நிறுத்தினார்கள். ஏறத்தாழ 26,000 குழந்தைகளின் வழக்குகள் அதில் அந்தரத்தில் நின்றன. ஏப்ரல் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் ஒரு ஃபெடரல் நீதிபதி அந்த நிறுத்தத்துக்குத் தடை போட்டார். இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் மிகவும் மதிக்கிற ஒரு சீனியர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, அனுமதி இல்லாம உள்ளே வந்த பிள்ளைக்கு அந்த நாடே காசு போட்டு வக்கீல் வைக்கணுமா? கும்பகோணத்துல உக்காந்துக்கிட்டு நாம ஏன் அதுக்கு வருத்தப்படணும்?"

அங்கேயே சரியான பதில் சொல்ல எனக்கு வரவில்லை. நாலு நாளாக மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த ஊர்ச் சட்டம். அமெரிக்காவில் குற்றவழக்கில் மாட்டிய ஏழைக்கு அரசு வக்கீல் தந்தே ஆகவேண்டும், 1963-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1967-ல் பதினைந்து வயதுப் பையன் ஒருவனின் வழக்கில், சிறார் நீதிமன்றத்தில் நிற்கும் பிள்ளைக்கும் அந்த உரிமை உண்டு என்றது. ஆனால் நாட்டைவிட்டு அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் குடியேற்ற நீதிமன்றத்தை அவர்கள் சிவில் கணக்கில் வைத்திருக்கிறார்கள். அங்கே வக்கீல் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அரசாங்கச் செலவில் கிடையாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. நாற்பது வயது ஆளுக்கும் நான்கு வயதுக் குழந்தைக்கும் ஒரே விதி. எதிர்ப்பக்கம் அரசாங்கத்தின் வக்கீல் அரசாங்கச் சம்பளத்தில் உட்கார்ந்திருப்பார். 2008-ல் ஒரு சட்டம் கொண்டுவந்து, தனியாக வந்த குழந்தைகளுக்கு 'முடிந்த அளவுக்கு' வக்கீல் கிடைக்கச் செய்யவேண்டும் என்றார்கள். அந்த 'முடிந்த அளவுக்கு' என்ற சொல்லில்தான் இன்றுவரை எல்லாம் தொங்கிக்கொண்டிருக்கிறது. தொண்டு நிறுவனம் இருக்கும் ஊரில் வக்கீல் உண்டு, நிதி வரும் வருஷத்தில் வக்கீல் உண்டு.

2016-ல் வெளியான ஒரு வாக்குமூலம் உண்டு. அங்கே குடியேற்ற நீதிபதிகளுக்குப் பயிற்சி தரும் நிலையில் இருந்த ஒரு மூத்த நீதிபதி, மூன்று நான்கு வயதுக் குழந்தைகளுக்கும் குடியேற்றச் சட்டத்தைத் தன்னால் கற்றுக்கொடுக்க முடிந்திருக்கிறது, அதற்கு நேரமும் பொறுமையும் வேண்டும், அவ்வளவுதான் என்று சத்தியப் பிரமாணத்தின் பேரில் சொல்லியிருந்தார். அதைப் படித்த அன்று என் பெண்ணுக்கு நாலு வயது. செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொள்வாள்.

சிராகியூஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் ஒன்று 2014-ல் நீதிமன்றப் பதிவுகளை எடுத்து எண்ணியது. வக்கீல் இருந்த குழந்தைகளில் 73 சதவீதம் பேர் தங்க அனுமதி பெற்றார்கள். இல்லாத குழந்தைகளில் 15 சதவீதம். வலுவான வழக்குகளைத்தான் வக்கீல்கள் எடுத்திருப்பார்கள் என்று சீனியர் சொல்லக்கூடும். கொஞ்சம் அப்படியும் இருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எந்த வழக்கு வலுவானது என்று யாருக்கு எப்படித் தெரியும்? ஒருவர் உட்கார்ந்து அந்தக் குழந்தையிடம் பேசினால்தானே தெரியும்? பெற்றவர்களே அடித்த, கைவிட்ட குழந்தைக்கு அங்கே தனி வழி இருக்கிறது, 1990-லிருந்தே. மாநில நீதிமன்றத்தில் தனியாக ஒரு மனு போட்டு, இந்தக் குழந்தையைத் திருப்பி அனுப்புவது அதன் நலனுக்கு ஏற்றதில்லை என்று உத்தரவு வாங்கவேண்டும். அந்த உத்தரவு கையில் இருந்தால் தங்குவதற்கு விண்ணப்பிக்கலாம். ஒன்பது வயதுப் பிள்ளை இதை எங்கே போய்த் தெரிந்துகொள்ளும்?

இனி நம்ம ஊருக்கு வருகிறேன். சீனியருக்கு நான் சொல்ல நினைத்தது இதைத்தான்.

சில வருஷம் முன்பு, புரட்டாசி மாசம். டெல்டாவில் ஒரு ஊர், பெயர் வேண்டாம். ராத்திரி பத்து மணிக்கு பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் அம்மா ஒருவர் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் செய்திருக்கிறார். பன்னிரண்டு பதிமூன்று வயதுப் பையன், மழையில் நனைந்து உட்கார்ந்திருந்தான். முழங்கை வரைக்கும் எண்ணெய் தெறித்த புண்கள். சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் இப்படிப்பட்ட பிள்ளைகளை யாரிடம் விடுவது என்று முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவந்தார்கள். வடநாட்டுப் பையன், அப்படியென்றால் இந்திதான் என்று முடிவு செய்து, பம்பாயில் பத்து வருஷம் இருந்த ஒரு பரோட்டா மாஸ்டரைக் கூப்பிட்டார்கள். அவர் நல்ல மனுஷர், கடையைப் போட்டது போட்டபடி வந்தார். கேட்ட கேள்விக்கெல்லாம் பையன் தலையாட்டினான். வீட்டில் கோபித்துக்கொண்டு வந்தாயா? ஆட்டினான். இங்கே மாமா இருக்கிறாரா? ஆட்டினான். வழி தவறிவிட்டாயா? அதற்கும் ஆட்டினான். கோப்பில் அப்படியே ஏறிவிட்டது.

மூன்றாம் நாள் 'மாமா' ஆதார் ஜெராக்ஸோடு வந்துவிட்டார்.

இலவச சட்ட உதவிக் குழுவின் பேனல் வக்கீலாக வேறொரு வழக்குக்காக அன்று அங்கே இருந்தேன். தற்செயல்தான், அதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. மாமாவைப் பார்த்ததும் அந்தப் பையன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். சொந்த மாமாவைப் பார்த்தால் எந்தப் பிள்ளை கையை ஒளிக்கும்? இரண்டு நாள் அவகாசம் கேட்டு எழுதிக் கொடுத்தேன். அங்கே இருந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. காப்பகத்தில் இடமில்லை, கோப்பு மலையாகக் கிடக்கிறது, உறவுக்காரர் ஒருவர் வந்து நிற்கிறார். முணுமுணுத்துக்கொண்டேதான் கொடுத்தார்கள்.

அப்புறம்தான் பையன் பேசுவது சந்தாலி என்று தெரிந்தது. ஜார்க்கண்ட், மேற்கு வங்காளப் பக்கத்துப் பழங்குடி மொழி. சந்தாலிக்கு எங்கே போவது? நன்னிலம் பக்கம் எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவர் அந்த வருஷம் சம்பா நடவுக்கு மேற்கு வங்காளத்திலிருந்து ஆள் இறக்கியிருந்தார். "விசாரிச்சுப் பாக்குறேம்மா" என்றார். சாயங்காலமே அந்தக் கும்பலில் ஒருவரை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார். வயலிலிருந்து நேராக வந்தவர், காப்பக வாசல் குழாயில் முழங்கால் வரை சேற்றைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து பையன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நான் எழுதி வைத்திருந்த ஒரு கேள்வியைக்கூட அவர் கேட்கவில்லை. முக்கால் மணி நேரம் என்னவோ பேசிக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டதற்கு, "உன் ஊர்ல ஆத்துல தண்ணி வந்துச்சா, ஆடு எத்தனை இருக்கு, இதுதான் கேட்டேன் தீதி" என்றார். அதற்குப் பிறகு பையன் பேச ஆரம்பித்தான்.

'மாமா'தான் ஏஜென்ட். அம்மா கையில் ஐயாயிரம் ரூபாய் கொடுத்துக் கூட்டி வந்தவர். மிக்சர் கம்பெனியில் விடிகாலை நாலு மணியிலிருந்து வேலை. எண்ணெய் கொட்டிய அன்றுதான் ஓடி வந்திருக்கிறான். யார் கேட்டாலும் 'மாமா வீட்டுக்கு வந்தேன்' என்று சொல்லவேண்டும் என ரயிலிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவன் பொய் சொல்லவில்லை, பாடம் ஒப்பித்தான்.

அந்த இரண்டு நாள் கிடைக்காமல் இருந்திருந்தால், 'உறவினரிடம் ஒப்படைக்கப்பட்டது' என்று ஒரு வரியோடு கோப்பு மூடியிருக்கும். அவகாசம் கிடைத்ததால் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், 1976-ன் கீழ் கோட்டாட்சியரிடம் போனோம், விடுதலைச் சான்று வாங்கினோம். 2016-ல் திருத்திய மறுவாழ்வுத் திட்டப்படி இப்படி மீட்ட குழந்தைக்கு 2 லட்சம் ரூபாய் வரை உண்டு. முழுத்தொகை வழக்கு முடிந்துதான் வரும், அது தனிப் போராட்டம். ஆனால் சான்று இல்லாவிட்டால் கேட்கவே வழியில்லை. பையனுக்கு அப்படி ஒரு காகிதம் இருப்பதே தெரியாது. அமெரிக்கக் குழந்தைக்கு அந்த மாநில நீதிமன்ற உத்தரவு தெரியாததைப் போலத்தான். அங்கேயும் குவாத்தமாலாவின் மலைக்கிராமங்களிலிருந்து மாம், கிச்சே என்ற பழங்குடி மொழிகள் பேசும் பிள்ளைகள் வருகிறார்கள். மத்திய அமெரிக்கா என்றால் ஸ்பானிஷ்தான் என்று ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளரை வைக்கிறார்கள். பிள்ளைகள் அங்கேயும் தலையாட்டுவார்கள்.

எங்கள் தாத்தா பதினாலு வயதில் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிப் பினாங்கு போனவர். பக்கத்துத் தெருக்காரர் ஒருவரை அப்பா என்று சொல்லச் சொல்லிக் கொடுத்து அனுப்பினார்களாம். இறங்கிய இடத்தில் அதிகாரி கேட்டதும் அப்படியே சொன்னாராம். எண்பது வயதில் இதைச் சொல்லும்போதும் அவர் குரல் இறங்கிவிடும். டெல்டாவில் இப்படிக் கப்பலேறிய ஆள் இல்லாத தெரு குறைவு. கும்பகோணத்தில் உட்கார்ந்து ஏன் வருத்தப்படணும் என்று கேட்டீர்களே சார், இதனால்தான்.

செலவு விஷயத்துக்கு வருகிறேன். மும்பையில் அத்தனை பேரைக் கொன்ற கசாபுக்கும் நம் நாடு வக்கீல் வைத்துக் கொடுத்தது. பிடிபட்டவரை முதன்முதலில் முன்னிறுத்தும்போதே, உனக்கு வக்கீல் உரிமை உண்டு என்று மாஜிஸ்திரேட் சொல்லவேண்டும் என அந்த வழக்கின் 2012 தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் எழுதியது. அதற்கு நாம் கணக்குப் பார்க்கவில்லை, பார்க்கவும் கூடாது. எந்தக் குற்றமும் செய்யாத குழந்தைக்கு மட்டும் ஏன் கணக்குப் பார்க்கவேண்டும்? வக்கீல் வந்துவிட்டால் எல்லாப் பிள்ளையும் அங்கேயே தங்கிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. சிலர் திரும்பிப் போகத்தான் வேண்டியிருக்கும். போகிற இடத்தில் யார் காத்திருக்கிறார் என்று விசாரித்துவிட்டு அனுப்பட்டும்.

நம் சட்டம் இந்த விஷயத்தில் அமெரிக்கச் சட்டத்தைவிட நல்லது. சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987-ன் 12-ஆவது பிரிவு, குழந்தை என்றாலே இலவச வக்கீல் என்கிறது. வருமானச் சான்று வேண்டாம், எந்த மாநிலம் என்ற கேள்வி வேண்டாம். ஆனால் கேட்டால்தான் வரும் என்ற நிலையில் வைத்திருக்கிறோம். யார் கேட்பது? குழு கூடும் முதல் நாளிலேயே, குழந்தை வாயைத் திறப்பதற்கு முன்பே, ஒரு வக்கீலும் அதன் மொழி தெரிந்த ஒருவரும் பக்கத்தில் இருப்பதைக் கட்டாயமாக்கவேண்டும். அதுவரை யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது. நான் வேறொரு வழக்குக்காக அங்கே வந்திருப்பதை நம்பி இன்னொரு பிள்ளை இருக்கக் கூடாது.

இதைக் கேட்டு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். டெல்டா வக்கீல் நண்பர்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் பலமாக இருக்கும். இன்னொன்று, அதைவிட அவசரம்: தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கம் சந்தாலி, ஒடியா, வங்காளம், போஜ்புரி, நேபாளி பேசத் தெரிந்தவர்களின் போன் நம்பர்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். கல்லூரி மாணவராக இருக்கலாம், ஹோட்டலில் வேலை செய்பவராக இருக்கலாம், நடவுக்கு வந்தவராக இருக்கலாம். அவர்களிடம் சம்மதம் கேட்டுவிட்டு இன்பாக்ஸில் அனுப்புங்கள். அன்று சேற்றைக் கழுவிக்கொண்டு வந்து பையனிடம் பேசியவர் இந்த வருஷமும் நன்னிலத்துக்கு நடவுக்கு வந்திருக்கிறார், பட்டியலில் முதல் பெயர் அவருடையது.