கெடு தேதி வரைக்கும் பறக்கலாம்

அண்ணன் மகன் போன வாரம் முதல்முறையாக விமானம் ஏறினான். இறங்கின கையோடு எனக்கு வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினான். டாய்லெட் கதவில் பதித்த குட்டி ஆஷ்ட்ரே, பக்கத்திலேயே புகைபிடிக்கக் கூடாது என்ற அடையாளம். "சித்தப்பா, பிடிக்கவே கூடாதுன்னா இது எதுக்கு? பழைய வண்டிக்கு பெயின்ட் அடிச்சு ஓட்டுறாங்களா?"

பழைய வண்டியெல்லாம் இல்லை. நேற்று தொழிற்சாலையை விட்டு வந்த விமானத்திலும் அது இருக்கும், இருந்தே ஆகணும்.

1973 ஜூலை 11. பிரேசிலின் வாரிக் நிறுவனத்து போயிங் 707 பாரிஸ் ஓர்லி விமான நிலையத்தை நெருங்கும் நேரத்தில் பின்பக்க டாய்லெட்டில் தீப்பிடித்தது. ஓடுதளம் வரைக்கும் போக முடியாமல் வயல்வெளியில் இறக்கினார்கள். 134 பேரில் 123 பேர் போய்விட்டார்கள், பெரும்பாலானவர்களைக் கொன்றது புகை. குப்பைத் தொட்டியில் யாரோ போட்ட சிகரெட் துண்டாக இருக்கலாம் என்று சந்தேகம். அடுத்த வருடம் அமெரிக்க விமானத்துறை, அதாவது எஃப்.ஏ.ஏ., ஒரு உத்தரவு போட்டது. எண் 74-08-09. டாய்லெட்டுக்குள் புகைபிடிக்கக் கூடாது என்று எழுதி ஒட்டு, குப்பைத் தொட்டியின் மூடி ஒழுங்காக மூடுகிறதா என்று பார், கதவருகே ஒரு ஆஷ்ட்ரே வை. எத்தனை தடை போட்டாலும் மீறிப் பிடிக்கிறவன் ஒருத்தன் இருப்பான், அவன் அந்தத் துண்டைக் காகிதக் குப்பையில் போடாமல் இருந்தால் போதும் என்ற கணக்கு. ஆளைத் திருத்த முடியாது என்று தெரிந்தவர்கள் எழுதிய உத்தரவு. எனக்கு மிகவும் பிடித்தது.

இதையெல்லாம் நான் பேசக் காரணம், இருபது வருடத்துக்கு மேல் விமானப் பராமரிப்பில் ஆவணப் பிரிவில் இருந்தவன். ஸ்பானர் பிடித்ததில்லை. பிடித்ததெல்லாம் ஃபைல். விமானத்தை நிறுத்தி வேலை பார்க்கும் கொட்டகையான ஹேங்கரில் எங்களை "பேப்பர் பசங்க" என்பார்கள். இப்படிப்பட்ட உத்தரவுகளுக்குத் தொழிலில் ஏ.டி. என்று பெயர், ஏர்வொர்த்தினஸ் டைரக்டிவ். விமானத்தைச் செய்த கம்பெனி அனுப்புவது சர்வீஸ் புல்லட்டின். அது "செய்தால் நல்லது" ரகம். அரசுத் துறை அனுப்பும் ஏ.டி.யோ "செய்யாவிட்டால் பறக்காதே" ரகம். எங்கள் அட்டவணையில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஏ.டி. எண், பொருந்துமா, செய்த தேதி, செய்தவர் முத்திரை என்று கட்டங்கள் இருக்கும். எல்லாவற்றையும் விட நாங்கள் அதிகம் உற்றுப் பார்க்கும் கட்டம் ஒன்று உண்டு. கெடு.

கட்டாயம் என்ற சொல்லைக் கேட்டதும் உடனே என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படியில்லை. "அடுத்த பறப்புக்கு முன்" என்று வரும் ஏ.டி. குறைவு. பெரும்பாலானவற்றில் இத்தனை மாதத்துக்குள் அல்லது இத்தனை பறப்புக்குள் என்றுதான் இருக்கும். உதிரி பாகம் கிடைக்கணும், ஹேங்கரில் இடம் வேணும், விமானம் பெரிய செக்குக்கு எப்படியும் வரப்போகிறது, அப்போது சேர்த்துச் செய்துவிடலாம் என்ற நியாயங்கள் எல்லாம் உண்மைதான். ஆனால் என்ன செய்யணும் என்பதை இன்ஜினியர் எழுதுகிறார், எப்போதைக்குள் என்பதில் பணமும் சேர்ந்து எழுதுகிறது. என் சண்டை முழுக்க அந்த இரண்டாவது வரியோடுதான்.

டிசி-10 என்ற பயணிகள் விமானத்தின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் காகிதத்தின் பக்கமிருந்து பார்த்தவர்கள் குறைவு. 1972 ஜூன் 12, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று கனடாவின் வின்ட்சருக்கு மேலே பறக்கும்போது பின்பக்கச் சரக்குக் கதவு பிய்த்துக்கொண்டு போனது. கீழே காற்றழுத்தம் சட்டென்று இறங்க, மேலே பயணிகளின் தரை உள்வாங்கியது. அந்தத் தரைக்கு அடியில்தான் வாலுக்குப் போகும் கட்டுப்பாட்டுக் கேபிள்கள். விமானியின் திறமையால் 67 பேரும் பிழைத்தார்கள். அடுத்து வரவேண்டியது ஏ.டி. வரவில்லை. எஃப்.ஏ.ஏ. தலைவரும் டிசி-10-ஐச் செய்த மெக்டொனல் டக்ளஸ் நிறுவனத்தின் விமானப் பிரிவுத் தலைவரும் பேசி முடித்துக்கொண்டார்கள்: உத்தரவு எதற்கு, சர்வீஸ் புல்லட்டினே போதும். கனவான்கள் ஒப்பந்தம் என்று பின்னாளில் அதற்குப் பெயர் வந்தது. சம்பவம் நடந்த 15-ஆம் நாள், உடற்பகுதியைச் செய்துகொடுத்த கான்வேர் நிறுவனத்தின் பொறியாளர் டான் ஆப்பிள்கேட் உள்ளுக்குள் ஒரு குறிப்பு எழுதினார். இந்தக் கதவுகள் இனியும் திறக்கும், திறந்தால் பெரும்பாலும் விமானமே போகும் என்பது அதன் சாரம். அந்தக் குறிப்பு மேலே போய் அப்படியே அடங்கிவிட்டது.

1974 மார்ச் 3. அதே ஓர்லியிலிருந்து கிளம்பிய டர்கிஷ் ஏர்லைன்ஸ் டிசி-10, அதே பின்பக்கச் சரக்குக் கதவு பிய்ந்து, எர்மனோன்வில் காட்டில் விழுந்தது. 346 பேர். அந்த விமானத்தின் ரெக்கார்டை எடுத்துப் பார்த்தால் கதவுக்கான மாற்றம் செய்தாகிவிட்டது என்று முத்திரை இருக்கிறது. கதவைப் பார்த்தால், வைத்திருக்க வேண்டிய தாங்கு தகடு இல்லை. கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்க்கக் கதவில் ஒரு சின்னக் கண்ணாடித் துளை வைத்திருந்தார்கள், பக்கத்தில் விளக்கமும் ஒட்டியிருந்தார்கள். இங்கிலீஷிலும் துருக்கியிலும். அன்று கதவைச் சாத்திய ஊழியருக்கு அந்த இரண்டு மொழியுமே படிக்கத் தெரியாது.

முத்திரை குத்துகிற வேலையில் இருந்த எனக்கு இந்த விபத்தின் மற்ற எந்த விவரத்தையும் விட அந்தப் பொய் முத்திரைதான் தூக்கத்தைக் கெடுத்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் குத்தியிருக்க மாட்டார்கள். ஷிஃப்ட் முடியும் நேரமாக இருந்திருக்கும்.

சரி, அது உத்தரவே வராத கதை. உத்தரவு வந்தும் நடந்ததைச் சொல்கிறேன். 1987-இல் பான் ஆம் 747 ஒன்றின் சரக்குக் கதவு பறக்கும்போது லேசாக விலகியது. பூட்டைத் தாங்கும் அலுமினியத் துண்டுகள் மிருதுவானவை, வளைகின்றன, எஃகு வைத்துப் பலப்படுத்தணும் என்று கண்டுபிடித்தார்கள். 1988 ஜூலையில் ஏ.டி. வந்தது. கெடு 18 முதல் 24 மாதம். 1989 பிப்ரவரி 24 அன்று ஹொனலுலுவிலிருந்து கிளம்பிய யுனைடெட் நிறுவனத்து 811-ஆம் எண் விமானத்தின் (இதுவும் 747) சரக்குக் கதவு நடுவானில் பிய்ந்தது. ஒன்பது பயணிகளை இருக்கையோடு காற்று இழுத்துக்கொண்டு போனது. அந்த விமானத்தில் எஃகு வேலை இன்னும் செய்திருக்கவில்லை. சட்டப்படி எந்தத் தப்பும் இல்லை, கெடுவுக்கு இன்னும் மாதக்கணக்கில் நாள் இருந்தது.

விபத்துக்குப் பிறகு எஃப்.ஏ.ஏ. கெடுவை மாற்றியது. எவ்வளவு தெரியுமா? 30 நாள்.

30 நாளில் முடியும் வேலைக்கு முன்பு ஏன் 24 மாதம்? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குத் திருப்தியான பதில் கிடைத்ததில்லை. "அப்போ அவசரம் புரியல" என்பார்கள். புரியவைக்க ஒன்பது பேர் தேவைப்பட்டார்கள் என்றுதான் அதற்கு அர்த்தம்.

பழைய காலம் என்று தள்ளிவிடாதீர்கள். 2016 ஆகஸ்டில் சவுத்வெஸ்ட் விமானம் ஒன்றின் இன்ஜினில் விசிறி இலை உடைந்தது. ஒரு வருடம் கழித்து எஃப்.ஏ.ஏ. ஏ.டி. வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. கூடுதல் அவகாசம் வேண்டும் என்று விமான நிறுவனங்கள் எழுதின. வரைவு வரைவாகவே கிடந்தது. 2018 ஏப்ரல் 17 அன்று அதே நிறுவனம், அதே ரக இன்ஜின், இன்னொரு இலை. ஜன்னல் உடைந்து ஒரு பயணி இறந்தார். மூன்றே நாளில் அவசர ஏ.டி. வந்தது, 30,000 சுற்று (ஒரு முறை ஏறி இறங்கினால் ஒரு சுற்று) தாண்டிய இன்ஜின்களை 20 நாளில் சோதி என்று. எரிபொருள் தொட்டி விஷயம் இன்னும் மோசம். 1996-இல் அமெரிக்க டி.டபிள்யு.ஏ. நிறுவனத்து 800-ஆம் எண் விமானத்தின் நடுத்தொட்டி வெடித்து 230 பேர் இறந்தார்கள். தொட்டிக்குள் நைட்ரஜன் நிரப்பி ஆக்சிஜனைக் குறைக்கணும் என்ற விதி 2008-இல் வந்தது, முழுக்க முடிக்க 2017 வரை அவகாசம். இடையில் 2001-இல் பாங்காக்கில் தரையில் நின்றிருந்த ஒரு 737-இன் தொட்டி வெடித்து ஊழியர் ஒருவர் இறந்தார்.

மறுபக்கமும் பேசணும், இல்லையென்றால் பழைய ஹேங்கர் நண்பர்கள் கமென்டில் வந்து பிய்த்துவிடுவார்கள். அவசரத்தில் செய்யும் மாற்றமே எமனாகும் என்பதற்குச் சாட்சி ஒரு வாஷர். நம் கட்டைவிரல் நக அளவுதான் இருக்கும். 737-இன் இறக்கை முன்விளிம்பில் நீண்டு மடங்கும் ஸ்லாட்டுக்குள் ஒரு போல்ட், அதன் நட்டு கழன்றுவிடக் கூடாதே என்று போயிங் 2005-இல் ஒரு கடிதம் அனுப்பியது. அதன்படி வேலை செய்த இடத்தில் ஒரு விமானத்தில் வாஷரைப் போட மறந்தார்கள். நட்டை விடத் துளை பெரிது. வாஷர் இல்லாததால் மொத்த அமைப்பும் நழுவி உள்ளே விழுந்து கிடந்தது. 2007 ஆகஸ்ட் 20, ஓகினாவாவில் தரையிறங்கி ஸ்லாட்டை உள்ளே இழுத்தபோது அந்த போல்ட் எரிபொருள் தொட்டியைக் குத்திக் கிழித்தது. சைனா ஏர்லைன்ஸ் விமானம் நின்ற இடத்திலேயே எரிந்து சாம்பல். 165 பேரும் இறங்கி ஓடிப் பிழைத்தது அதிசயம். ஆக, கைப்பட்டால் கெடும் என்பதும் உண்மை. விமானி அறைக் கதவையே எடுங்கள். 2001 செப்டம்பருக்குப் பிறகு குண்டு துளைக்காத கதவாக்கினார்கள், சரியான முடிவு. 2015-இல் ஜெர்மன்விங்ஸ் துணை விமானி உள்ளே பூட்டிக்கொண்டு விமானத்தை மலையில் மோதியபோது அதே கதவுதான் கேப்டனை வெளியே நிறுத்தியது.

ஆனால் அந்த வாஷர் கதையிலும் கெடுவைப் பாருங்கள். ஐந்தே நாளில் உத்தரவு, 24 நாள் அவகாசம். மற்ற விமானங்களிலும் தளர்ந்த பாகங்கள் தென்பட்டதும் அதை 10 நாளாகச் சுருக்கினார்கள். முடிந்தது. 2025 நவம்பர் கடைசியில் ஏர்பஸ் ஏ320 குடும்பத்துக்கு நடந்தது நினைவிருக்கும். கடுமையான சூரியக் கதிர்வீச்சு கட்டுப்பாட்டுக் கணினியின் தரவைக் கெடுக்கலாம் என்று, உலகம் முழுக்க சுமார் 6,000 விமானங்களுக்கு அடுத்த பறப்புக்கு முன் என்று ஐரோப்பிய அவசர ஏ.டி. வந்தது. பெரும்பாலானவற்றில் பழைய சாஃப்ட்வேரைத் திரும்ப ஏற்றும் இரண்டு மூன்று மணி நேர வேலை. ஒரு வார இறுதியில் ஏறக்குறைய எல்லாம் முடிந்தது. "ஃபிளைட் லேட்" என்று ஆளாளுக்குத் திட்டி பதிவு போட்டோம், சரி. எனக்கென்னவோ விமானத்துறை ஒழுங்காக வேலை செய்து நான் பார்த்த அபூர்வ நாட்களில் அது ஒன்று.

கட்டாயம் என்ற சொல்லே இல்லாமல் போவது இன்னொரு வகை. 2025 ஜூன் 12 ஆமதாபாத் ஏர் இந்தியா 787 விபத்தின் முதற்கட்ட அறிக்கையில் ஒரு பத்தி வரும். எரிபொருள் சுவிட்சின் பூட்டு அமைப்பு சில 737-களில் விலகியிருப்பதாக 2018 டிசம்பரில் எஃப்.ஏ.ஏ. ஒரு தகவல் குறிப்பு அனுப்பியது. அதே வடிவ சுவிட்ச் 787-இலும் உண்டு. அது ஆலோசனைதான், ஏ.டி. இல்லை, அதனால் அந்தச் சோதனை செய்யப்படவில்லை. விபத்துக்கு அந்தப் பூட்டுதான் காரணம் என்று அறிக்கை சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பிறகு சோதித்துப் பார்த்ததில் கோளாறு எதுவும் இல்லை என்றும் ஏர் இந்தியா சொன்னது. நான் கேட்பது வேறு. 2018-இல் வந்த குறிப்புக்கு 2025 ஜூலையில் நம் நாட்டு விமானத்துறை, அதாவது டி.ஜி.சி.ஏ., கொடுத்த கெடு ஒரே ஒரு வாரம். ஒரு வாரத்தில் முடிகிற சோதனை ஆறரை வருடம் "விருப்பமிருந்தால்" என்ற பட்டியலில் கிடந்தது.

என்ன வேண்டும் என்கிறாய் என்று கேட்பீர்கள். கெடு நீளமாக இருக்கட்டும், பரவாயில்லை. ஆனால் அது ஆறு மாதம் தாண்டினால், அதுவரை அந்த விமானத்தை என்ன நிபந்தனையில் பறக்க விடுகிறீர்கள் என்பதும் அதே உத்தரவில் இருக்கணும். இடைக்காலச் சோதனையோ, ஏதாவது கட்டுப்பாடோ. அப்புறம், எந்த விமானத்தில் எந்த ஏ.டி. நிலுவையில் இருக்கிறது என்பதை விமானத்தின் பதிவு எண்ணான வால் எண்ணைப் போட்டால் யாரும் பார்க்கும்படி செய்யணும். மக்கள் பயந்துவிடுவார்கள் என்று சொன்னவர்களை மீட்டிங்கில் நிறைய கேட்டிருக்கிறேன். பார்க்கப் போவது ஆயிரத்தில் ஒருத்தர். ஆனால் யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தாலே 24-ஆவது மாதம் வரை இழுக்கும் வேலை 6-ஆவது மாதத்தில் முடியும். எங்கள் ஆபீசை நடத்தியதே அந்தப் பயம்தான்.

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்றும் கேட்கலாம். ஒரு முறை, கம்பெனி பெயர் வேண்டாம், 24 மாதக் கெடு உள்ள ஒரு ஏ.டி. என் மேஜைக்கு முடிந்து வந்தது. 24-ஆவது மாதம். கெடுவுக்கு பதினோரு நாள் இருந்தது. மேனேஜர் எட்டிப் பார்த்து "நல்ல மார்ஜின்" என்றார். நானும் தலையாட்டிவிட்டு முத்திரை குத்தினேன். முந்தைய நாள் வரை தினமும் ஐந்து தடவை ஏறி இறங்கிக்கொண்டிருந்த விமானம் அது.