ஃபிக்ஸியைத் தடுக்க வேண்டாம், முன் பிரேக்கைக் கழற்ற விடாதீர்கள்

சிங்கப்பூரில் பதின்ம வயதுப் பையன்களின் ஃபிக்ஸி சைக்கிளைப் பற்றிப் பேச்செடுத்தாலே வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிடுகிறது. பெற்றோர் கட்சி, "அந்தச் சனியனை முதலில் தூக்கிப் போடு" என்கிறது. பையன்கள் கட்சி, "உங்களுக்கு ஓட்டத் தெரியாது, அதான் பயப்படுறீங்க" என்கிறது. நான் ஃபிக்ஸி ஓட்டுகிறவன், நாற்பதைத் தாண்டியவன், என் அக்கா மகனும் ஓட்டுகிறான். ஆகவே இரண்டு பக்கமும் திட்டு விழும் என்று தெரிந்தே எழுதுகிறேன். இந்த சைக்கிளைத் தடை செய்ய எந்த அவசியமும் இல்லை. முன் பிரேக் இல்லாமல் அதைச் சாலையில் இறக்க எந்த நியாயமும் இல்லை.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. சாதாரண சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினால் பெடல் நின்றுவிடும், சக்கரம் பாட்டுக்கு ஓடும். பின்சக்கரத்தில் இருக்கும் ஃப்ரீவீல் செய்கிற வேலை அது. ஃபிக்ஸியில் அது கிடையாது. பல்சக்கரம் ஹப்போடு, அதாவது சக்கரத்தின் நடு உருளையோடு, இறுகியிருக்கும். சக்கரம் சுற்றும்வரை பெடல் சுற்றும், பெடல் சுற்றும்வரை உங்கள் காலும் சுற்றியாக வேண்டும். காலைப் பின்னோக்கி அழுத்தினால் வேகம் குறையும். பழைய காலத்துப் பெரிய முன்சக்கர சைக்கிளும் இந்த ரகம்தான், பெடல் நேராகச் சக்கர அச்சிலேயே இருக்கும். இறக்கத்தில் அந்த வேகத்துக்குக் கால் ஈடுகொடுக்காது என்பதால் 1880களில் அதை ஓட்டியவர்கள் இரண்டு காலையும் ஹேண்டில்பாருக்கு மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு இறங்குவார்களாம். குப்புறக் கவிழ்ந்தால் தலைக்கு முன்னால் கால் தரையில் படட்டும் என்ற கணக்கு. நம் பையன்களைவிட அவர்கள் கொஞ்சம் யோசித்திருக்கிறார்கள்.

"எங்க காலே பிரேக்தான்" என்பது பையன்களின் முதல் வாதம். பாதி உண்மை. அந்தப் பாதி எந்தப் பாதி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பஸ் திடீரென்று பிரேக் போட்டால் நின்றுகொண்டிருப்பவர்கள் எல்லாரும் டிரைவர் பக்கம் சாய்கிறார்கள் அல்லவா, சைக்கிளிலும் அப்படித்தான் எடை முன்னால் போகிறது. முன்சக்கரம் தரையை அழுத்துகிறது, பின்சக்கரம் லேசாகிறது. லேசான சக்கரத்தை எவ்வளவு இறுக்கினாலும் அது வழுக்கத்தான் செய்யும். காலால் நிறுத்துவது பின்சக்கரத்தை மட்டும். அதிலும் 'ஸ்கிட்' அடிக்கிறார்களே, அது இன்னும் மோசம். சக்கரத்தைப் பூட்டுவதற்காகவே இடுப்பை முன்னால் தள்ளி, பின்சக்கரத்தின் மேல் இருக்கிற கொஞ்சநஞ்ச எடையையும் எடுத்துவிட்டு, அப்புறம் காலை இறுக்குகிறார்கள். பார்க்க அழகுதான். தரையில் கறுப்புக் கோடு நீளமாக விழுகிறது. கோடு நீளமாக விழுந்தால் நிற்க அவ்வளவு தூரம் ஆகியிருக்கிறது என்று அர்த்தம், அதைப் படம் எடுத்துப் போடுகிறவர்கள் யாரும் சொல்வதில்லை.

கணக்குப் போட்டே பார்க்கலாம். பூங்கா இணைப்புப் பாதையில் நமக்கு அனுமதி மணிக்கு 25 கிலோமீட்டர். அந்த வேகத்தில், காய்ந்த தரையில், நல்ல முன் பிரேக் இருந்தால் பிடித்த இடத்திலிருந்து ஏறக்குறைய 5 மீட்டரில் நிற்கலாம். பின்சக்கரத்தை மட்டும் நம்பினால் சுமார் 10 மீட்டர். பார்த்து, மூளைக்கு எட்டி, கை கால் வேலை செய்ய ஒரு வினாடி என்று வைத்தால் அதற்குள்ளேயே 7 மீட்டர் போயிருப்பீர்கள், அது இரண்டு பேருக்கும் பொது. மழை பெய்த தரையில் எல்லாமே கூடும், நம் ஊரில் மழைக்குக் குறைச்சலா? அந்த 5 மீட்டர் வித்தியாசத்துக்குள் ஒரு குழந்தை வண்டியும் அதைத் தள்ளிக்கொண்டு போகும் அம்மாவும் தாராளமாக அடங்குவார்கள்.

இறக்கம் என்று வந்தால் கதையே வேறு. முன் பல்சக்கரத்தில் 46 பல், பின்னால் 16 பல், அதாவது 46-க்கு 16 என்ற விகிதத்தில், பெடல் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் சுமார் 6 மீட்டர் போகும். மணிக்கு 40 கிலோமீட்டரில் இறங்கினால் கால் நிமிடத்துக்கு 110 தடவை சுற்ற வேண்டும். 60-ஐத் தொட்டால் 165 தடவைக்கு மேல். பழகாத கால் எங்கேயோ ஓரிடத்தில் பெடலை விட்டு எகிறும், இருந்த ஒரே பிரேக்கும் அதோடு போச்சு. சுற்றுகிற பெடல் முன்னங்கால் எலும்பில் அடித்துக்கொண்டே இருக்கும், காலைத் திரும்ப வைக்கவும் விடாது. பாதத்தைப் பெடலோடு பிடித்துவைக்கும் பட்டைகூட இல்லாமல், ரப்பர் செருப்போடு ஓட்டுகிற பையன்களை எங்கள் புளோக்குக் கீழேயே பார்க்கிறேன். பல அடுக்குக் கார் நிறுத்துமிடத்தின் உச்சியிலிருந்து சுற்றிச் சுற்றி இறங்கும் சாய்தளம்தான் அவர்களுக்குப் பிடித்த இடம்.

நம் ஊரில் பிரேக் இல்லாத சைக்கிளில் பதின்ம வயதுப் பிள்ளைகள் இறந்த பிறகுதான், 2021 செப்டம்பர் 1 முதல் சைக்கிளுக்குக் குறைந்தது ஒரு கைப்பிரேக்காவது இருக்க வேண்டும் என்ற விதி வந்தது. நல்ல விதி. எனக்கு அதில் ஒரு குறை உண்டு: ஃபிக்ஸியைப் பொறுத்தவரை அந்த ஒரு பிரேக் முன்னால்தான் இருக்க வேண்டும் என்று அடித்துச் சொல்லியிருக்கலாம். பின்சக்கரத்தைக் கால் ஏற்கெனவே பிடிக்கிறது, அங்கே இன்னொரு பிரேக் மாட்டி என்ன பயன்? கேபிளைத் தளர்த்திவிட்டு லீவரை மட்டும் அழகுக்குத் தொங்கவிடுகிற கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். யாரை ஏமாற்றுகிறார்களோ.

பிரிட்டனில் இதைத் தெளிவாக வைத்திருக்கிறார்கள். 1983-ஆம் ஆண்டு விதிகளின்படி முன்னும் பின்னும் தனித்தனியாகப் பிடிக்கும் ஏற்பாடு வேண்டும், ஃபிக்ஸியின் பல்சக்கரம் பின்பக்கக் கணக்கில் சேரும், முன் பிரேக்குக்கு விலக்கு இல்லை. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் 2006-இல் ஒரு வழக்கு நடந்தது. கூரியர் வேலை பார்த்த பெண் ஒருவர் பிரேக் இல்லாமல் ஓட்டியதற்காகப் பிடிபட்டார். ஃபிக்ஸியின் அமைப்பே ஒரு பிரேக்தான் என்று அவர் தரப்பில் வாதாடினார்கள். நீதிபதி ஏற்கவில்லை. 2025-இல் தென்கொரியாவில், சோலில் இறக்கத்தில் நிறுத்த முடியாமல் பள்ளி மாணவன் ஒருவன் இறந்துபோன பிறகு, போலீஸ் இந்த சைக்கிள்களைத் தேடிப் பிடிக்க ஆரம்பித்தது. ஊருக்கு ஊர் இதே கதை, இதே வயசு.

"விழுந்தா நான்தானே விழுறேன், உங்களுக்கு என்ன?" இது இரண்டாவது வாதம். லண்டன் ஓல்ட் ஸ்திரீட்டில் 2016 பிப்ரவரியில் நடந்ததைத்தான் இதற்குப் பதிலாகச் சொல்வேன். 18 வயது இளைஞன், பந்தயத் தடத்துக்கான சைக்கிள், முன் பிரேக் இல்லை. சாலையைக் கடந்த 44 வயதுப் பெண்மேல் மோதினான். இரண்டு பிள்ளைகளின் தாய் அவர். தலையில் அடிபட்டு ஒரு வாரத்தில் இறந்துபோனார். அவன் எழுந்து நடந்தான். மறு ஆண்டு நடுவர்கள் அவனை மரணம் விளைவித்த குற்றத்திலிருந்து விடுவித்தார்கள், ஆனால் குதிரை வண்டிக் காலத்து 1861-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்கீழ் குற்றவாளி என்றார்கள். 18 மாதத் தண்டனை. பிரேக் இருந்திருந்தால் நிறுத்தியிருப்பானா என்று நீதிமன்றத்தில் இரண்டு தரப்பும் மீட்டர் கணக்கில் மல்லுக்கட்டின. அந்தக் கேள்விக்கே இடம் கொடுக்காமல் இருக்கத்தான் முன் பிரேக்.

மூன்றாவது வாதம்தான் கொஞ்சம் கனமானது. "மாமா, தொழில்முறை ஆட்களே பிரேக் வைக்கிறதில்லையே" என்றான் என் அக்கா மகன். சரி, உண்மைதான். வெலோட்ரோமில், அதாவது சைக்கிள் பந்தயத்துக்கென்றே கட்டிய வட்ட ஓடுதளத்தில், பிரேக் வைக்கவே கூடாது. ஏன் என்று கேட்டேன், அவனிடம் பதில் இல்லை. அங்கே எல்லாரும் ஒரே திசையில் போகிறார்கள். எதிரே வண்டி வராது, நாய் குறுக்கே ஓடாது, டாக்சிக் கதவு திறக்காது. ஒருவர் சக்கரத்துக்குப் பின்னால் ஒருவர் ஒட்டிப் போகிற கூட்டத்தில் ஒரே ஒருவர் பிரேக் பிடித்தாலும் பின்னால் வருகிற அத்தனை பேரும் அவர்மேல் ஏறுவார்கள். யாராலும் சட்டென்று நிற்க முடியாது என்பதுதான் அங்கே பாதுகாப்பு.

அப்படியும் அடிபடாமலா இருக்கிறார்கள்? நம் பக்கத்து நாடான மலேசியாவின் வீரர் அஸிஸுல்ஹஸ்னி அவாங் 2011-இல் மான்செஸ்டரில் கெய்ரின் என்ற ஓடுதளப் பந்தயத்தில் விழுந்தார். ஓடுதளத்து மரப்பலகையிலிருந்து பெயர்ந்த சிராய் ஒன்று, ஏறக்குறைய 20 சென்டிமீட்டர், அவருடைய கெண்டைக்காலில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தது. மனிதர் அதோடு எழுந்து சைக்கிளில் ஏறி மூன்றாவதாக முடித்தார். ஜெர்மனியின் கிறிஸ்டினா ஃபோகெல், இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர், 2018 ஜூனில் காட்புஸ் நகரில் பயிற்சியின்போது இன்னொரு வீரருடன் மோதினார். முதுகுத்தண்டு போனது, அன்றிலிருந்து சக்கர நாற்காலி. 2022 காமன்வெல்த் போட்டியில் இங்கிலாந்தின் மேட் வால்ஸ் தடுப்பைத் தாண்டிப் பார்வையாளர்கள்மேல் போய் விழுந்தார். பயிற்சியாளரும் மருத்துவரும் பக்கத்திலேயே நிற்கிற இடத்தில் இவ்வளவு. உட்லண்ட்ஸ் அவென்யூவில் உனக்கு யார் நிற்கிறார்கள்?

பிரேக் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் இன்னொன்று மறைந்துவிடும். ஃபிக்ஸியில் வரும் காயங்களில் பல, வேகத்தோடு சம்பந்தமே இல்லாதவை.

காலணி நாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். போன வருடம் அக்கா மகன் எனக்கு முன்னால் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தான், முன் பிரேக்கும் இருந்தது. வலது ஷூவின் நாடா அவிழ்ந்து, அதன் வளையம் செயினுக்கும் முன் பல்சக்கரத்துக்கும் நடுவே போய்விட்டது. சாதாரண சைக்கிளாக இருந்தால் மிதிப்பதை நிறுத்தியிருப்பான், அவ்வளவுதான். இதில் சக்கரம் ஓட ஓடப் பெடல் சுற்றிக்கொண்டே போனது, ஒவ்வொரு பல்லாக நாடாவை உள்ளே இழுத்தது, ஷூ பல்சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டது. காலை ஊன்ற வழியில்லாமல் அப்படியே வலது பக்கம் சாய்ந்தான். உள்ளங்கைத் தோல் போச்சு, தாடையில் தையல். பக்கத்து மளிகைக் கடைக்காரர் கொடுத்த கத்தரிக்கோலால் நாடாவை வெட்டிய பிறகுதான் காலையே எடுக்க முடிந்தது. நாடாவைக் கட்டி, மீதியை ஷூவுக்குள் செருகிவிடுங்கள். வலது பக்கப் பேண்ட் காலுக்கும் அதே மரியாதை.

செயினைத் துடைக்கும்போது விரல் போவதும் இப்படித்தான். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பெடலைச் சுழற்றிவிட்டு, ஓடுகிற செயினில் துணியை வைத்துப் பிடிப்பார்கள். துணியைச் செயின் கவ்வும், துணியோடு விரலும் போகும். சக்கரம் சுற்றுகிற வேகம் தீரும்வரை செயின் நிற்காது. விரல் நுனி துண்டாகிறது. துடைக்க வேண்டுமா, கொஞ்சம் நகர்த்து, நிறுத்து, துடை, மறுபடி நகர்த்து. சக்கரம் ஓடும்போது கை கிட்டேயே போகக் கூடாது.

செயின் தளர்வும் சாதாரண விஷயமில்லை. நடுவில் விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு ஆடலாம், அதற்குமேல் தொங்கினால் குலுங்குகிற இடத்தில் கழன்று விழும். கழன்ற செயின் ஒன்று சக்கரத்தில் சிக்கிப் பூட்டிவிடும், அல்லது அறுந்த மாதிரி தொங்கும், காலுக்கு எந்தப் பிடியும் இருக்காது. பின் பல்சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும் லாக்ரிங் என்ற வளையத்துக்கு மரை இடப்பக்கமாகத் திரும்பும். காலைப் பின்னோக்கி அழுத்தும்போது பல்சக்கரம் கழன்றுவராமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. பழைய ஃப்ரீவீல் ஹப்பில் பல்சக்கரத்தைப் பசைபோட்டு ஒட்டி ஃபிக்ஸி என்று விற்கிறார்கள், அதில் அந்த மரையே கிடையாது. அதை வாங்கிப் பிரேக்கும் இல்லாமல் ஓட்டுகிறவனுக்கு நான் சொல்ல எதுவும் இல்லை.

ஸ்கிட் அடிப்பவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல். 48-க்கு 16 போட்டிருந்தால் அது சரியாக மூன்று மடங்கு, ஆகவே ஒரே நிலையில் காலைப் பூட்டும் ஒவ்வொரு தடவையும் டயரின் அதே இடம்தான் தரையில் தேயும். சீக்கிரம் நூல் தெரியும், அப்புறம் வெடிக்கும். 46-க்கு 16 என்றால் தேய்மானம் எட்டு இடங்களில் பரவும்.

விழுந்தபின் செய்வதிலும் அலட்சியம் அதிகம். கையை ஊன்றித்தான் எல்லாரும் விழுகிறோம், அதனால் காறை எலும்பும் மணிக்கட்டும் முதலில் போகும். காறை எலும்பு உடைந்தால் தோளைப் பார்த்தாலே தெரியும். மணிக்கட்டில் ஸ்காஃபாய்டு என்ற சின்ன எலும்பு இருக்கிறதே, அது கள்ளத்தனமானது. முதல் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமலே போகலாம். ரத்த ஓட்டம் குறைவான எலும்பு, கவனிக்காமல் விட்டால் கூடாமலே கிடக்கும். கட்டைவிரலின் அடியில் குழிவிழும் இடத்தை அழுத்தினால் வலிக்கிறது என்றால், எக்ஸ்ரே சுத்தம் என்று சொன்னாலும் பத்துப் பதினைந்து நாளில் திரும்பப் போய்க் காட்டுங்கள். தலையில் அடிபட்டு வாந்தி வந்தால் வீட்டில் ஒரு நிமிடம்கூட வைத்திருக்காதீர்கள்.

இப்போது பெற்றோர் கட்சிக்கு. சைக்கிளைப் பிடுங்கினால் பையன் கூட்டாளி சைக்கிளில் ஓட்டுவான், அது எப்படிப்பட்ட சைக்கிள் என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. கீழே இறங்கிப் போய் முன் பிரேக் இருக்கிறதா, லீவரை இழுத்தால் சக்கரம் நிற்கிறதா, செயின் தொங்குகிறதா என்று பாருங்கள். திட்டுவதைவிடக் குறைந்த நேரம்தான் ஆகும். எதைப் பார்ப்பது என்று தெரியாவிட்டால் எனக்குச் செய்தி அனுப்புங்கள். உட்லண்ட்ஸ் பக்கம் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை பையனையும் சைக்கிளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். 15 எம்எம் ஸ்பேனரும் உபரியாக இரண்டு முன் பிரேக்கும் என்னிடம் இருக்கின்றன, மாட்டித் தருகிறேன். கேபிள் மட்டும் நீங்கள் வாங்கிக்கொண்டு வரவும்.