பகுப்பது வேறு, பிரிப்பது வேறு

நேற்று ஒரு கூட்டத்தில் 'பகுத்தறிவு' என்ற சொல்லுக்கு மேடையில் கொடுத்த விளக்கத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பகு என்றால் பிரி என்று பொருளாம், அதனால் பகுத்தறிவு என்பது மனிதர்களைப் பிரிக்கிற அறிவாம். அரங்கமே கைதட்டியது. எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

பகுப்பதும் பிரிப்பதும் ஒன்றில்லை. ஒரு விஷயத்தைக் கூறு கூறாகப் பார்த்து, எது என்ன என்று விளங்கிக்கொள்வதுதான் பகுத்தறிவது. அங்கே பகுபடுவது விஷயம், ஆட்கள் இல்லை.

பள்ளியில் பகுபதம் படித்தோமே, நினைவிருக்கிறதா? 'நடந்தனன்' என்பதை நட + த்(ந்) + த் + அன் + அன் என்று கரும்பலகையில் எழுதுவார் ஐயா. எழுதி முடித்தால் செயல், காலம், ஆள் மூன்றும் அந்த ஒரே சொல்லுக்குள் உட்கார்ந்திருப்பது தெரியும். சொல் எங்கேயும் போய்விடாது. பகுத்த பிறகுதான் முழுசாகப் புரியும்.

'பகுத்துண்டு பல்லுயிர் ஓம்புதல்' என்கிறது 322ஆம் குறள். அந்த இடத்தில் 'பிரித்துண்டு' என்று போட்டுச் சொல்லிப் பாருங்கள், நாக்கே ஒப்பாது. காதலர் ஒருவரை விட்டு ஒருவர் போகும் துயரத்துக்கு அதே நூலில் பிரிவாற்றாமை என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல் போதும் என்று வள்ளுவருக்குத் தோன்றவில்லை.

அகராதியில் பகு என்பதற்குப் பிரி என்றுதானே இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது. பழம்பாடல்களில் பகுவாய் என்றால் பிளந்த வாய், அதுவும் தெரியும். நானும் தமிழ் படித்தவன்தான். ஆனால் ஒரு சொல் எங்கே பிறந்தது என்பது மட்டுமா பொருள்? இத்தனை காலம் மக்கள் வாயில் எப்படிப் புழங்கியது என்பதும் பொருள்தானே? அலுவலகத்தின் ஒரு பகுதியைப் பிரிவு என்கிறார்களே, அங்கே யார் யாரை விட்டுப் போனார்கள் என்று இன்னொருவர் வருவார். வரட்டும். நேற்று நடந்தது அகராதிச் சண்டை இல்லை. ஒரு நல்ல சொல்லின் மேல் சேற்றை வாரி இறைத்தார்கள்.

ஒரு சொல்லுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்காதீர்கள். இந்த இரண்டு சொல்லுக்கும் உள்ள தூரம் எனக்கு வீட்டிலேயே தெரியும். அப்பா போன பிறகு நிலத்தைப் பாகம் போட்டோம். கிணறு மட்டும் பொது. மூன்று நாள் அண்ணனுக்கு, மூன்று நாள் எனக்கு என்று முறை வைத்துப் பத்திரத்திலேயே எழுதினோம். பகுத்தது அவ்வளவுதான், அதில் யாருக்கும் குறையில்லை. அப்புறம் ஒரு பேச்சு வந்தது, பதிலுக்கு நான் ஒன்று சொன்னேன், பிரிந்துவிட்டோம். பதினோரு வருஷம் ஆகிறது.

தண்ணீர் முறை இன்றுவரை ஒரு நாள்கூடத் தவறியதில்லை. தன் முறை முடிந்ததும் அண்ணன் மோட்டாரை நிறுத்தி, ஸ்டார்ட்டர் பெட்டியை மூடி, மழைச்சாரல் படாமல் அதன்மேல் ஒரு சாக்கைப் போட்டுவிட்டுப் போவார். அடுத்த நாள் காலையில் அந்தச் சாக்கை எடுக்கிறவன் நான்.