கையைத் தூக்கிவிட்டால் அப்படியே நிற்கும்
இளம் மனநல மருத்துவர்களுக்குக் கேட்டடோனியாவை, அதாவது உடலும் பேச்சும் உறைந்துபோகிற நிலையை, கண்டுபிடிக்கப் பயிற்சி வேண்டும் என்று சொல்கிறார்களே, அது நூற்றுக்கு நூறு சரி. காசிமேட்டில் என் அத்தை மகன் நாலு நாள் பேசாமல், சாப்பிடாமல் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், கையைத் தூக்கிவிட்டால் அப்படியே அந்தரத்தில் நிற்கும். காத்து கருப்பு என்று தாயத்து கட்டினார்கள், முதலில் போன ஆஸ்பத்திரியிலோ நடிக்கிறான் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் வேறொரு இடத்தில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா பதற்றத்தைத் தணிக்கும் லோரசெபாம் மருந்தை ஊசியாகப் போட்டார், அரை மணி நேரத்தில் "தண்ணி" என்றான். 1874லேயே கால்பாம் என்ற ஜெர்மன் மனநல மருத்துவர் எழுதிவைத்த நோய் சார் இது! இதைக் கண்டுபிடிக்க உதவும் புஷ்-பிரான்சிஸ் அளவுகோலில் முதல் 14 அறிகுறிகளைப் பார்க்கச் சில நிமிடம்தான், ஆனால் அதைப் படித்தால் மட்டும் வராது, அந்த டாக்டரம்மா மாதிரி நோயாளியின் கையை மடக்கிப் பார்த்துப் பழக வேண்டும்.