உளோம், போகீர்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. நடை ஓரளவு திரும்பிவிட்டது, பேச்சு திரும்பவில்லை. பிரதோஷம் தவறாமல் திருவொற்றியூர் கோயிலுக்குப் போய் அழுகிறேன். சுவாமி வாய் திறக்கவில்லை.

போன வாரம் நலம் விசாரிக்க வந்த உறவுக்கார அம்மா ஒருவர் காப்பியை ஆற்றிக்கொண்டே, "முழு மனதோடு வேண்டியிருந்தால் இந்நேரம் பேசியிருப்பாரே" என்றார். அடுத்த அறையில்தான் அவர் படுத்திருந்தார். பேச்சுதான் போயிற்று, காது நன்றாகக் கேட்கிறது.

தயவுசெய்து யாரிடமும் இப்படிச் சொல்லாதீர்கள். நோயாளி இருக்கும் வீட்டில் ஏற்கெனவே யாரும் தூங்குவதில்லை. பக்தி போதவில்லை என்ற பழியையும் அங்கே இறக்கி வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

சுந்தரருக்கா பக்தி போதவில்லை? தம்பிரான் தோழர் என்று பெயர் பெற்றவர். இதே திருவொற்றியூரில், மகிழ மரத்தடியில், பிரியமாட்டேன் என்று, தாம் மணக்கவிருந்த சங்கிலியாருக்குச் சத்தியம் செய்தார். அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் இரு கண்களும் போயின. தடுமாறியபடி திருவெண்பாக்கம் போய், கோயிலுக்குள் இருக்கிறாயா என்று கேட்டார். "உளோம், போகீர்" என்று பதில் வந்தது. இருக்கிறோம், நீர் போகலாம். அவ்வளவுதான். கண் கேட்டவருக்கு ஓர் ஊன்றுகோல் கிடைத்தது.

தவறு அவருடையதுதானே என்பீர்கள். ஆமாம். ஆனாலும் அவர் வாயை மூடிக்கொள்ளவில்லை. பிழை செய்தாலும் பொறுப்பாய் என்று நம்பித்தானே செய்தேன் என்று பதிகத்தின் தொடக்கத்திலேயே வழக்காடுகிறார். ஆத்திரத்தில் அந்தக் கோலை வீசியதில் நந்தியின் கொம்பு உடைந்தது என்கிறது தலபுராணம். காஞ்சியில் இடக்கண் கிடைத்த பிறகும் விடவில்லை. திருவாரூரில் போய், இப்படித்தான் அடியாரை வைத்திருப்பீர் என்றால் "வாழ்ந்து போதீரே" என்று பாட்டுக்குப் பாட்டு முகத்துக்கு நேரே சொன்னார். வலக்கண்ணும் வந்தது. அந்தக் கோபத்தை யாரும் மறைக்கவில்லை. தேவாரமாக இன்றும் சன்னதியில் ஓதுகிறார்கள்.

பழைய திருவெண்பாக்கம் இப்போது தண்ணீருக்கடியில் இருக்கிறது. 1944-இல் கட்டிய பூண்டி நீர்த்தேக்கத்துக்காகக் கோயிலைப் பூண்டிக்கே இடம் மாற்றினார்கள். சென்னை குடிக்கும் தண்ணீரில் அந்த ஏரித் தண்ணீரும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை என் கணவரைப் பூண்டிக்கு அழைத்துப் போனேன். நந்தியின் அருகில் வந்ததும் நான்கு கால் ஊன்றுகோலைத் தரையில் நிறுத்திவிட்டு, என் தோளில் சாய்ந்தபடி, வேலை செய்கிற இடக்கையால் உடைந்த கொம்பை வெகுநேரம் தடவினார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

நான் உள்ளே போய், "இவர் பேச வேண்டும்" என்று வாய்விட்டே கேட்டேன். அர்ச்சகர் திரும்பிப் பார்த்தார். இன்னொரு முறையும் கேட்டேன்.