படத்தின் பின்பக்கம்

எங்கள் தாத்தா கோவில்பட்டியில் காலண்டருக்குப் படம் வரைந்தவர். போட்டோ ஸ்டூடியோக்களுக்குப் பின்திரையும் எழுதிக்கொடுப்பார். மாடிப்படி, பூந்தொட்டி, தூரத்தில் ஒரு ஏரி எல்லாம் இருக்கும். 1984-இல் இறந்தார். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. படங்களோடு சேர்த்துத்தான் வெளியே சொல்ல வேண்டும் என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறோம். அந்த வேலை இப்போது நடந்துகொண்டிருக்கிறது. அதில் பட்ட அடியைத்தான் எழுத வந்தேன்.

சிவகாசியில் அச்சாகி வீட்டுக்கு வீடு தொங்கிய முருகனும் லட்சுமியும் பலர் நினைப்பதுபோல சிவகாசியிலேயே வரையப்பட்டவர்கள் இல்லை. நிறையப் பேர் கோவில்பட்டியில் பிறந்தவர்கள். கொண்டையா ராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் இருந்துவிட்டு, நாடகக் கம்பெனிக்கு மேடைத் திரை வரைகிறவராக ஊர் சுற்றி, கடைசியில் இங்கே தங்கினார். அவர் பெயரும் சீடர்கள் சிலர் பெயரும் படத்தின் மூலையில் கையெழுத்தாக நின்றதால் ஆய்வாளர்கள் தேடி வந்தார்கள், எழுதினார்கள். ஆனால் அதே தெருக்களில் அதே போஸ்டர் கலரைக் குழைத்துக்கொண்டு இன்னும் எத்தனையோ பேர் உட்கார்ந்திருந்தார்கள். தாத்தா அவர்களில் ஒருவர். ஆடி 18-க்கு அடுத்த வருஷத்துக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளிவரும். அதற்குள் படம் பிரஸ்ஸுக்குப் போயாக வேண்டும். போன ஒரிஜினல் பெரும்பாலும் திரும்பி வராது. வந்தவை, பிரஸ் வேண்டாமென்றவை, பாதியில் நின்றவை என்று மொத்தம் 41 அட்டைகள் எங்கள் பரணில் ஒரு தகரப் பெட்டிக்குள் கிடந்தன.

அதில் ஆறு படங்களை எடுத்து, ஆசையாக, பிரேம் போடக் கொடுத்தேன். கடைக்காரர் நல்ல மனிதர்தான். அட்டை வளைந்திருக்கிறதே என்று பசை தடவி பிளைவுட்டில் நன்றாக ஒட்டிக் கொடுத்துவிட்டார். முன்னால் பளபளவென்று இருந்தது. வீட்டுக்கு வந்து மாட்டிய பிறகு, மிச்சப் படங்களைத் திருப்பிப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. தாத்தா தன் கணக்கையெல்லாம் அட்டையின் பின்பக்கத்தில் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார். எந்த பிரஸ், என்ன தேதி, அட்வான்ஸ் எவ்வளவு, "மயில் கழுத்துக்கு நீலம் இன்னும் ஒரு கோட்" என்பது வரை. ஒரு பிள்ளையாரின் பின்னால் மளிகைக் கடை பாக்கிகூட இருக்கிறது. அந்த ஆறு படங்களின் பின்னால் என்ன இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. பெயர்த்தால் அட்டையே உரிந்து வரும். கேட்காமல் ஒட்டியது அவர் தவறு என்றால், திருப்பிப் பார்க்காமல் கொடுத்தது என் தவறு.

அதனால்தான் சொல்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது வரைந்தவர் இருந்தால், முன்பக்கத்தைப் பற்றிக் கவலைப்படும் முன் பின்பக்கத்தைக் காப்பாற்றுங்கள். ஒன்றும் எழுதாமல் வெறுமையாக இருந்தால், மெல்லிய பென்சிலில், அழுத்தாமல், ஓரத்தில் எழுதுங்கள். யார் வரைந்தது, சுமாராக எந்த வருஷம், எங்கே, யாருக்காக. பேனா வேண்டாம், மை ஊறி முன்னால் வரும். செல்லோடேப் வேண்டவே வேண்டாம். பிரேமின் கண்ணாடி, வண்ணத்தின் மேல் நேராகப் படக்கூடாது. ராமபாணப் பூச்சிக்கும் கரையானுக்கும் பரணைவிடப் பிடித்த இடம் கிடையாது, முதலில் அங்கிருந்து இறக்குங்கள். நிறம் மங்கிவிட்டதே என்று யாரையும் வைத்து மேலே வண்ணம் பூசாதீர்கள். மங்கினாலும் அது அவர் கை.

இதையெல்லாம்விட அவசரமானது மனிதர்கள். அத்தைக்கு இப்போது 78 வயது. சரஸ்வதி படத்தை போனில் காட்டியதும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "ஏட்டி, அது என் கைடி! ஒலக்கையை மடியில கெடத்தி, இதுதான் வீணைன்னாரு எங்கய்யா. விரல் அசைஞ்சா அன்னிக்குத் திட்டுதான். கை மரத்துப் போச்சு, ஆனா படத்துல பாரு, நோகாத கை மாதிரி இருக்கும்." அதன் பிறகு அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது கைச் சுண்டுவிரல் கொஞ்சம் வளைந்திருக்கிறது. அத்தையின் விரலும் அப்படித்தான். சின்ன வயதில் கதவிடுக்கில் மாட்டியதாம். இது எந்த ஆய்வாளருக்குக் கிடைக்கும்? அத்தை இருக்கும்வரைதான் இது இருக்கும்.

டச்சு ஓவியர் வான்கோ இறந்து ஆறு மாதத்தில் தம்பி தியோவும் போய்விட்டார். 28 வயது மனைவி ஜோ, கையில் ஒரு வயதுக் குழந்தை, வீடு நிறைய விற்காத படங்கள். அந்தப் பெண் படங்களை மட்டுமா காத்தார்? அண்ணன் தம்பிக்கு எழுதிய கடிதங்களையும் கட்டுக்கட்டாகக் காத்து, வரிசைப்படுத்தி, 1914-இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். இன்று நாம் அந்த மனிதரை அறிந்த மாதிரி பேசுகிறோமே, அதில் பாதி அந்தக் கடிதங்களால். தாத்தாவை வான்கோவோடு ஒப்பிடவில்லை. எங்கள் வீட்டிலேயே சிலர் "ரவிவர்மாவுக்கு நிகர்" என்று பேசுகிறார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை. தாத்தாவுக்கு அந்தப் பொய் வேண்டாம். கடவுள் முகம் அவருக்கு நன்றாக வரும், பின்னணி மலை அவ்வளவாக வராது. இரண்டையும் சொல்வோம். பெரிய ஓவியராக இருந்தால்தான் காப்பாற்ற வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

சட்டம் என்றதும் ஒன்று. நம் நாட்டில் வரைந்தவர் இறந்த பிறகும் 60 ஆண்டுகள் காப்புரிமை உண்டு. பிரஸ்ஸுக்கு உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டவை வேறு கணக்கு. எதை எழுதிக் கொடுத்தார் என்பது தெரியவும் அந்தப் பின்பக்கம்தான் வேண்டும்.

பங்கு பிரிப்பதில் எங்களுக்குள்ளும் மனத்தாங்கல் வந்தது. முருகன் படம் யாருக்கு என்று இரண்டு மாதம் சித்தப்பா பேசவில்லை. பிரியட்டும், தவறில்லை, படம் சுவரில் இருந்தால்தான் பிள்ளைகள் கேட்கும். ஆனால் பிரியும் முன் ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் ஸ்கேன் எடுத்து, எண் போட்டு, ஒரே நோட்டில் எழுதிவிட்டோம். அந்த நோட்டின் நகல் ஐந்து வீட்டிலும் இருக்கிறது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு தனி மனிதர் வீடு நிறையச் சேர்த்த தாள்களிலிருந்து 1994-இல் உருவானது அது. நோட்டு முழுமையானதும் அங்கே போய்க் கேட்கலாம் என்று இருக்கிறோம். வெறும் படத்தோடு போனால் "யார் வரைந்தது?" என்ற முதல் கேள்விக்கே விழிக்க வேண்டியிருக்கும்.

போன ஞாயிறு 23-ஆம் எண்ணுக்கு எழுதினேன். சரஸ்வதி, போஸ்டர் கலர், பிரஸ் திருப்பி அனுப்பியது. கைக்கு மாதிரி: மூத்த மகள். வீணைக்கு மாதிரி: உலக்கை. அத்தையிடம் படித்துக் காட்டினேன். "ஒலக்கை பூவரச மரம், அதையும் எழுது" என்றார். எழுதினேன்.